"அது ஹைவேஸ் ரோடுங்க": ஊருக்குள் நெடுஞ்சாலை வந்தபோது ஒரு முன்னாள் கவுன்சிலர் கண்டது

எங்கள் ஊர் மெயின் ரோட்டில் பள்ளம் விழுந்தால் முதல் வசவு வார்டு கவுன்சிலருக்குத்தான். 2011 முதல் 2016 வரை ஒரு தவணை அந்த வசவை வாங்கியவன் நான். மன்றக் கூட்டத்தில் எழுந்து, "பஸ் ஸ்டாண்டு வாசல்ல இருக்கிற பள்ளத்தை எப்ப சார் மூடுவீங்க?" என்று கேட்டால், நகராட்சிப் பொறியாளர் ஃபைலில் இருந்து தலையை நிமிர்த்தாமலே சொல்வார்: "அது ஹைவேஸ் ரோடுங்க." அதோடு அந்தப் பொருள் முடிந்தது. அடுத்த பொருளுக்குப் போய்விடுவார்கள்.

ஊர் பெயரும் ஆட்கள் பெயரும் இதில் வராது. காவிரிப் பாசனப் பகுதியில், ஊர் நடுவே தேசிய நெடுஞ்சாலை ஓடுகிற ஒரு நகராட்சி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஊருக்கு வெளியே புறவழிச்சாலை வந்தது. உள்ளே சாலையை அகலப்படுத்தினார்கள், பாதாள சாக்கடைக்குத் தோண்டினார்கள், மழைநீர் வடிகால் கட்டினார்கள். பதவியில் இருந்தபோது பாதியும், பதவி போன பிறகு வெறும் மனுதாரராக மீதியும் பார்த்தேன். ஜேசிபி வந்து நின்ற பிறகு நூறு பேர் மறியல் செய்து கிடைத்ததைவிட, கோப்பு மேஜையில் இருந்த நாளில் கொடுத்த ஒரு பக்கக் கடிதத்தால் எங்களுக்குக் கிடைத்தது அதிகம். எந்த நேரத்தில், யாருக்கு, என்ன எழுதினோம் என்பதைத்தான் இங்கே சொல்லப்போகிறேன்.

ஒரு தெரு, பல துறை

எங்கள் மெயின் ரோட்டில் தார் தேசிய நெடுஞ்சாலைக்குச் சொந்தம். ஆனால் அதைப் பராமரித்தது தேசிய நெடுஞ்சாலை ஆணையம் இல்லை, மாநில நெடுஞ்சாலைத்துறைக்குள் இருக்கும் தேசிய நெடுஞ்சாலைப் பிரிவு. இந்த வித்தியாசம் தெரியாமல் ஆணையத்துக்கு மனு அனுப்பிவிட்டு மாதக்கணக்கில் காத்திருந்தவர்களை எனக்குத் தெரியும். சாலையோரச் சாக்கடை நகராட்சி. தெருவுக்குள் பிரியும் குடிநீர்க் குழாய் நகராட்சி, கூட்டுக் குடிநீர்த் திட்டத்தின் பெரிய குழாய் குடிநீர் வடிகால் வாரியம். விளக்கு நகராட்சி, அது தொங்கும் கம்பம் மின்வாரியம். ஓரத்துப் புளியமரங்கள் நெடுஞ்சாலைத்துறை; காய்ப்பை ஏலம் விடுவதும் அவர்கள்தான். சாலைக்கு அடியில் குறுக்கே போகும் வாய்க்கால் அன்றைக்குப் பொதுப்பணித்துறை, 2021-க்குப் பிறகு தனியாகப் பிரிந்த நீர்வளத்துறை.

ஆக, பஸ் ஸ்டாண்டு வாசலில் தண்ணீர் தேங்கினால் அது யாருடைய குற்றம்? ஒவ்வொரு அலுவலகத்திலும் அடுத்த அலுவலகத்தைக் கைகாட்டுவார்கள். ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் வேடிக்கை.

சாலை யாருடையது என்று கண்டுபிடிக்க எளிய வழி கிலோமீட்டர் கல். தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சையாக இருந்தால் மாநில நெடுஞ்சாலை. ஊருக்குள் பெரும்பாலும் கல்லே இருக்காது, இருந்தாலும் போஸ்டர் ஒட்டி நிறம் மறைந்திருக்கும். அப்போது நான் செய்தது இது: தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில், பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, "இந்த இடத்திலிருந்து இந்த இடம் வரை உள்ள சாலையைப் பராமரிக்கும் அலுவலகம் எது, அதற்கான ஆவண நகல் தருக" என்று நகராட்சிக்கே ஒரு மனு. அவர்களுடையது இல்லையென்றால் அந்தச் சட்டத்தின் 6(3) பிரிவுப்படி, ஐந்து நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மனுவை மாற்றி அனுப்பி, அதை நமக்கும் எழுத்தில் தெரிவிக்க வேண்டும். அந்த மாற்றல் கடிதம் கைக்கு வந்துவிட்டால் போதும். அதன் நகலை இணைத்து அனுப்பும் அடுத்த மனுவுக்கு "எங்களுடையது இல்லை" என்ற பதில் வராது.

நடுவில் ஒன்று. கவுன்சிலராக இருந்தபோது எனக்கு வந்த மனுக்களில் அதிகம் வேகத்தடை கேட்டுத்தான். சாலை வேலைகளுக்கு அளவுகோல் வகுக்கும் அமைப்பான இந்தியச் சாலைக் காங்கிரஸின் 99-ஆம் எண் விதிமுறையில் வேகத்தடைக்கு அளவு இருக்கிறது: 3.7 மீட்டர் அகலம், 10 சென்டிமீட்டர் உயரம், வளைவாக ஏறி வளைவாக இறங்க வேண்டும். எங்கள் தெருக்களில் இருந்ததெல்லாம் தார் போட்ட பிறகு மிஞ்சிய கலவையைக் குவித்து ரோலர் ஏற்றியது. பிள்ளைத்தாய்ச்சியை ஆட்டோவில் கூட்டிப்போகும் மாமியார்களிடம் கேட்டால் அதன் தரம் சொல்வார்கள். வேகத்தடை கேட்டு மனு கொடுக்கும்போது இந்த அளவையும் சேர்த்து எழுதச் சொல்லுவேன்.

கல் நடுவதற்கு முன்னால்

புறவழிச்சாலை வருகிறது என்று ஊருக்குத் தெரிந்தது, வயல்வெளியில் யாரோ மூன்று கால் கருவியை வைத்துக்கொண்டு அளந்து, வரப்பில் மஞ்சள் பெயின்ட் அடித்துவிட்டுப் போன நாளில்தான். நகராட்சிக்கு அதற்குப் பல மாதம் முன்பே தெரியும். திட்ட அறிக்கை தயாரிக்க அமர்த்தப்பட்ட ஆலோசனை நிறுவனம் ஒரு கடிதம் அனுப்பியிருந்தது: நகரின் முழுமைத் திட்ட வரைபடம், குடிநீர்க் குழாய் போகும் பாதை, சாக்கடை, மயானம், குப்பைக் கிடங்கு எல்லாவற்றின் விவரமும் தரும்படி. அது நகரமைப்புப் பிரிவில் ஒரு கட்டுக்குள் கிடந்தது. வேறொரு வீட்டு வரைபட அனுமதிக்காக அங்கே போய் உட்கார்ந்திருந்தேன். உதவியாளர் கேட்டார்: "அண்ணே, இந்த ஹைவேஸ் லெட்டருக்கு மேப்பை மட்டும் வச்சு அனுப்பிடலாமா?"

மேப்பை மட்டும் வைத்து அனுப்பியிருந்தால் எங்கள் ஊர் கதை வேறு மாதிரி முடிந்திருக்கும். ஆணையாளரைப் பார்த்து, அதை மன்றக் கூட்டப் பொருளாக வைக்கச் சொன்னோம். நெடுஞ்சாலை எந்தப் பக்கம் போக வேண்டும் என்று முடிவு செய்யும் அதிகாரம் நகராட்சிக்குக் கிடையாது. ஆனால் பதில் கடிதத்தோடு மன்றத் தீர்மானம் போனால் அது திட்ட அறிக்கையின் பின்னிணைப்பில் ஏறிவிடும். பின்னால் வருகிற எந்த அதிகாரியும், எந்த நீதிமன்றமும் அதைப் பார்க்க முடியும்.

தீர்மானத்தில் ஆளாளுக்கு ஒன்று சேர்க்கச் சொன்னார்கள். வியாபாரிகள் சங்கத்துக்குப் புறவழிச்சாலையே வேண்டாம். லாரி நின்றால்தான் டீக்கடை ஓடும் என்பது அவர்கள் கணக்கு. அவர்கள் பயத்தில் நியாயம் இருந்தது, ஆனால் பாதிதான். போகிற போக்கில் நிறுத்தும் வெளியூர்க்காரனை நம்பிய கடைகள் சில பின்னால் மூடியது உண்மை. ஜவுளிக்கும் நகைக்கும் பாத்திரத்துக்கும் சுற்றுக் கிராமங்களில் இருந்து வருகிறவர்கள், சாலையைக் கடக்க முடிந்ததால் முன்பைவிட நிம்மதியாகவே வந்தார்கள். அன்றைக்கு இதை யார் சொன்னாலும் எடுபட்டிருக்காது. வாக்குவாதம் முடிந்து கடைசியில் தீர்மானத்தில் நின்றவை நாலு.

முதலாவது தண்ணீர். எங்கள் பக்கம் நிலம் மேஜை மாதிரி தட்டை. ஓர் ஆள் உயரத்துக்கு மண்மேடு போட்டு குறுக்கே சாலை போட்டால், அது சாலை மட்டுமில்லை, அணையும்தான். வரைபடம் தயாரிப்பவர்கள் பாசன வாய்க்காலைக் குறித்துவிடுவார்கள். அது வருவாய்த்துறை வரைபடத்தில் இருக்கிறது. வயலில் இருந்து மிச்சத் தண்ணீரை இழுத்துப்போகும் சின்ன வடிகால்களும் கன்னி வாய்க்கால்களும் பல இடத்தில் எந்தத் தாளிலும் இருக்காது. நாலைந்து விவசாயிகளைக் கூட்டிவைத்து, புல வரைபட நகலில் பென்சிலால் அவற்றைப் போடவைத்தோம். ஐப்பசி கார்த்திகையில் தண்ணீர் எங்கிருந்து எங்கே போகும் என்று அவர்கள் சொன்னதை அப்படியே அம்புக்குறியாக்கினோம். அந்தத் தாள்தான் பின்னால் கூடுதல் சிறுபாலங்களுக்குக் காரணமானது. உங்கள் ஊரில் இதைச் செய்ய வேண்டுமானால் மழைக்காலத்தில் செல்போனில் எடுத்த படங்கள் இன்னும் நல்ல சாட்சி.

இரண்டாவது, சுரங்கப்பாதையின் உயரம். புறவழிச்சாலைக்கு அந்தப் பக்கம் இருக்கும் கிராமங்களுக்கு வழி விடுவோம் என்று ஒரு பாதையைக் காட்டுவார்கள். வழி இருக்கிறதே என்று சும்மா இருந்துவிடக் கூடாது. இலகுரக வாகனங்களுக்கான சுரங்கப்பாதை என்றால் 4 மீட்டர் உயரம்தான். வைக்கோல் ஏற்றிய லாரி அதில் நுழையாது. அறுவடை இயந்திரத்தை ஏற்றிவரும் வண்டியும் பார்த்துத்தான் போக வேண்டும். எல்லா வண்டியும் போக 5.5 மீட்டர் உயரமுள்ளது வேண்டும். வரைபடத்தில் இரண்டும் ஒரே மாதிரி ஒரு சின்னக் கட்டமாகத்தான் தெரியும், பக்கத்தில் எழுதியிருக்கும் எண்ணைப் படித்தால்தான் வித்தியாசம் புரியும்.

மூன்றாவது மயானப் பாதை. இதை விரித்துச் சொல்லத் தேவையில்லை. பாடையைத் தூக்கிக்கொண்டு நாலுவழிச் சாலையைக் கடக்கவிட்ட ஊர்கள் இருக்கின்றன.

நாலாவது யாரும் யோசிக்காதது. புறவழிச்சாலை திறந்ததும் ஊருக்குள் ஓடும் பழைய பகுதி தேசிய நெடுஞ்சாலையாக இருக்காது. மாநிலத் துறைக்கோ உள்ளாட்சிக்கோ கைமாறும். கைமாற்றும் முன் ஒருமுறை முழுதாகச் செப்பனிட்டுத் தரும் நடைமுறை இருக்கிறது, 'ஒருமுறை மேம்பாடு' என்பார்கள். கேட்காவிட்டால் குண்டும் குழியுமாகவே ஒப்படைத்துவிட்டுப் போவார்கள், பராமரிப்புச் செலவு நகராட்சியின் தலையில் விழும். சொத்து வரியை நம்பி ஓடும் இரண்டாம் நிலை நகராட்சிக்குச் சில கிலோமீட்டர் அகலச் சாலை என்பது யானையைக் கட்டித் தீனி போடும் வேலை. "வடிகால், நடைபாதை உட்பட முழுமையாகச் சீரமைத்த பின்பே ஏற்றுக்கொள்ளப்படும்" என்ற வாக்கியத்தைத் தீர்மானத்தில் சேர்த்தோம்.

3ஏ வந்த பிறகு

சேலம்-சென்னை எட்டு வழிச்சாலைப் பிரச்சினை எழுந்தபோதுதான் தமிழ்நாட்டில் பலருக்கு 3ஏ, 3டி என்ற சொற்கள் அறிமுகமாயின. எங்கள் ஊரில் அதற்கு முன்பே அறிமுகம் ஆகிவிட்டது. தேசிய நெடுஞ்சாலைகள் சட்டம் 1956-ன்படி, நிலம் எடுக்கப்போகிறோம் என்ற அறிவிப்பு 3ஏ. அரசிதழில் வரும், இரண்டு நாளிதழ்களிலும் வரும், அதில் ஒன்று வட்டார மொழியில். புல எண், உட்பிரிவு, எவ்வளவு பரப்பு என்று பொடி எழுத்தில் பக்கம் முழுக்க இருக்கும். அன்றைய பேப்பர் டீக்கடையில் பஜ்ஜி மடிக்கப் போவதற்குள் யாராவது பார்த்தால்தான் உண்டு.

ஆட்சேபம் தெரிவிக்க 21 நாள். பேப்பரில் பார்த்த நாளில் இருந்து எண்ணக் கூடாது, அரசிதழ் தேதியில் இருந்து எண்ணிக்கொள்வதே பாதுகாப்பு. ஆட்சேபத்தை எழுத்தில், காரணத்தோடு, நில எடுப்பு அலுவலருக்குக் கொடுக்க வேண்டும். நேரில் சொல்லவும் வாய்ப்புத் தர வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. எங்கள் ஊரில் ஒரு கட்சிக்காரர் நல்ல எண்ணத்தில் ஒரே மாதிரி படிவம் அச்சடித்து எல்லோரிடமும் கையெழுத்து வாங்கிக் கொடுத்தார். அத்தனைக்கும் ஒரே பத்தியில் பதில் எழுதி நிராகரித்துவிட்டார்கள். தனித்தனியாகப் புல வரைபடம், பட்டா, கிணறு இருக்கும் இடம், எடுத்தது போக மிஞ்சும் துண்டு எந்தப் பக்கம் வழியில்லாமல் போகிறது என்று எழுதியவர்களுக்கு மட்டும் தனித்தனியாகப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அதில் சிலருக்கு எல்லை கொஞ்சம் நகர்ந்தது.

இன்னொரு குழப்பம் அகலம். "பத்து மீட்டர் ரோட்டுக்கு அறுபது மீட்டர் நிலமா?" என்று ஒரு பெரியவர் விசாரணையில் கேட்டார். நியாயமான கேள்வி. இருவழித் தார் 7 மீட்டர், இரண்டு ஓரமும் சேர்த்து 10 மீட்டர்தான் போடுவார்கள். நிலத்தை மட்டும் பின்னால் நாலுவழியாக்கும் கணக்கில் 60 மீட்டருக்கு எடுப்பார்கள். மிச்ச இடம் வெறுமனே கிடக்கிறதே என்று அதில் கீற்றுக் கொட்டகை போட்டவர்கள் பின்னால் அவஸ்தைப்பட்டார்கள்.

3ஏ வந்து ஒரு வருடத்துக்குள் 3டி அறிவிப்பு வராவிட்டால், நீதிமன்றத் தடை இருந்த காலத்தைக் கழித்துப் பார்த்து, 3ஏ காலாவதி. 3டி வந்துவிட்டால் நிலம் மத்திய அரசுடையது. அதன் பிறகு பேச்சு பணத்தைப் பற்றி மட்டும்தான். 2015 முதல் இந்தப் பணத்தை 2013-ஆம் ஆண்டின் நில எடுப்புச் சட்டக் கணக்கில் போடுகிறார்கள். வழிகாட்டி மதிப்பு ஒரு பக்கம். அக்கம்பக்கத்தில் முந்தைய மூன்று ஆண்டு கிரயப் பத்திரங்களில் அதிக விலையுள்ள பாதியின் சராசரி இன்னொரு பக்கம். எது கூடுதலோ அது. அதன் மேல் நூறு சதவீத ஆறுதல் தொகை. நில மதிப்பைப் பெருக்கும் 'பெருக்கல் எண்' நகர்ப்புறத்துக்கு 1, கிராமப்புறத்துக்கு 2 வரை போகலாம்.

இங்கேதான் ஊரே வயிற்றில் அடித்துக்கொண்டது. பத்திரச் செலவு மிச்சம் என்று அடக்க விலையில் கால்வாசியைக் காட்டிப் பதிந்து பழகிய ஊர். அந்தப் பத்திரங்கள்தான் சராசரிக்கு வந்து நின்றன. போதாக்குறைக்கு 2017 ஜூனில் வழிகாட்டி மதிப்பை 33 சதவீதம் குறைத்தபோது பத்திரப்பதிவு அலுவலகத்தில் சந்தோஷப்பட்டவர்களே இழப்பீட்டு உத்தரவைப் பார்த்துத் தலையில் கை வைத்தார்கள். நகராட்சி எல்லையின் ஓரத்தில் ஒரு வரப்புக்கு இந்தப் பக்கம் பெருக்கல் எண் 1, அந்தப் பக்கம் ஊராட்சி. ஒரே மண், ஒரே போகம்.

செய்யக்கூடியது இவ்வளவுதான்: நிலத்தைத் தவிர கட்டடம், ஆழ்குழாய், தென்னை, மா, தேக்கு என்று ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பீடு உண்டு. கட்டடத்தைப் பொதுப்பணித்துறையும் மரங்களைத் தோட்டக்கலை, வனத்துறையும் மதிப்பிடுவார்கள். அளக்க வரும் நாளில் ஆள் இருக்க வேண்டும், குறிப்பில் விடுபட்டதை அங்கேயே எழுதவைக்க வேண்டும். கூட்டுப் பட்டாவாக இருந்தால் 3ஏ-வைப் பார்த்த மறுநாளே உட்பிரிவுக்கு விண்ணப்பியுங்கள். அண்ணன் தம்பி சண்டையில் பணம் வைப்பில் போய்விட்ட குடும்பங்கள் எங்கள் ஊரில் இன்னும் இருக்கின்றன. தொகை போதவில்லை என்றால் மத்தியஸ்தரிடம் போகலாம், பெரும்பாலும் மாவட்ட ஆட்சியர்தான் அந்தப் பொறுப்பில் இருப்பார். பணத்தை வாங்கும்போது "ஆட்சேபத்துடன் பெறுகிறேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போடும்படி எங்கள் வழக்கறிஞர் எல்லோரிடமும் சொல்லிவைத்திருந்தார்.

டியூப் லெவல்

2016 அக்டோபரில் எங்கள் தவணை முடிந்தது. அதன் பிறகு 2022 பிப்ரவரி வரை நகராட்சிகளுக்குத் தேர்தலே நடக்கவில்லை. தனி அலுவலரே மன்றம், அவரே தலைவர், அவரே தீர்மானம். அந்த இடைவெளியில்தான் ஊருக்குள் மெயின் ரோட்டை அகலப்படுத்தி, இரண்டு பக்கமும் கான்கிரீட் வடிகால் கட்டினார்கள்.

வடிகால் பார்க்க அழகாக இருந்தது. மூடி போட்டு, அதையே நடைபாதையாக்கி, கைப்பிடிக் கம்பியும் வைத்தார்கள். எனக்கு உறுத்தியது ஒன்று. எங்கள் வார்டின் நாலு தெருச் சாக்கடைகளும் அந்த மெயின் வடிகாலில்தான் சேர வேண்டும். தெருச் சாக்கடை ஆழமாக இருந்தது, புது வடிகால் மேலாகத் தெரிந்தது. தளப் பொறியாளரிடம் சொன்னால், "எல்லாம் டிசைன்படி சார்" என்றார். அவரும் பொய் சொல்லவில்லை. அவர் கையில் இருந்தது நெடுஞ்சாலையின் டிசைன். எங்கள் தெருச் சாக்கடையின் அடிமட்டம் அதில் இல்லை.

எங்கள் தெருவில் ஒரு கொத்தனார் இருக்கிறார். அவரிடம் கேட்டேன். கண்ணாடி போல் தெரியும் பிளாஸ்டிக் டியூப்பை எடுத்துவந்தார், தளம் போடும்போது மட்டம் பார்ப்பார்களே, அதேதான். தண்ணீர் நிரப்பி, காற்றுக் குமிழி போகும்வரை தட்டித் தட்டி, ஒரு முனையைத் தெருச் சாக்கடைப் பக்கச் சுவரிலும் மறுமுனையைப் புது வடிகால் சுவரிலும் வைத்தார். தண்ணீர் நின்ற இடத்தில் இரண்டு பக்கமும் சாக்பீஸ் கோடு. கோட்டில் இருந்து அடி வரைக்கும் டேப்பால் அளந்தோம். தெருச் சாக்கடையைவிட புது வடிகாலின் அடி ஒரு சாண் உயரத்தில் இருந்தது. "இது வடிகால் இல்லீங்க, நம்ம தெருவுக்குத் தண்ணி விடுற வாய்க்கா" என்றார் கொத்தனார். நாலு தெருவிலும் அப்படியே எடுத்தோம். ஒரு தெருவில் மட்டும் சரியாக இருந்தது.

அதை ஒரு தாளில் படமாக வரைந்து, ஒவ்வொரு தெருவுக்கும் இரண்டு எண் போட்டு, போட்டோவில் டேப் தெரியும்படி எடுத்து, நெடுஞ்சாலைத்துறை உதவிக் கோட்டப் பொறியாளருக்கும் நகராட்சி ஆணையாளருக்கும் ஒரே கடிதமாகக் கொடுத்தேன். ஒரே கடிதத்தில் இரண்டு பேரையும் பெறுநராகப் போட்டதில் ஒரு காரணம் இருக்கிறது: நகல் என்று போட்டால் நகல் வாங்கியவர் கோப்பில் சேர்த்துவிட்டுப் போய்விடுவார். அதுவரை "மக்கள் குறை சொல்கிறார்கள்" என்று இருந்த விஷயம் இப்போது எண்ணாகிவிட்டது. துறைக் கருவியோடு வந்து அவர்களே ஒருமுறை அளந்தார்கள். எங்கள் அளவுக்கும் அவர்கள் அளவுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. கட்டியதை இடிக்க முடியாது என்றார்கள். கட்டாத பகுதியில் சரிவை மாற்றி, நடுவில் ஒரு சிறுபாலம் வழியாக எதிர்ப்புறத்து வாய்க்காலுக்குத் தனிப் போக்கு விட்டுக் கொடுத்தார்கள். இரண்டு தெருவுக்குத் தீர்ந்தது. ஒரு தெருவில் இன்றைக்கும் பெருமழைக்கு வாசல் வரை தண்ணீர் வரும்.

இதே மட்டப் பிரச்சினைதான் தெருச் சாலைகளிலும். பழைய தாரின் மேலேயே புதுத் தார் போட்டுப் போட்டு, படியேறி நுழைந்த வீடுகள் படியிறங்கும் வீடுகளாகிவிட்டன. 2021 மே மாதம் அப்போதைய தலைமைச் செயலாளர் வெ. இறையன்பு, பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் ('மில்லிங்' என்பார்கள்) புதிதாகப் போட வேண்டும் என்று சுற்றறிக்கை அனுப்பினார். அதன் நகலைக் கையில் வைத்திருப்பது வேலை நடக்கும் ராத்திரியில் உதவும். இன்னொரு சின்ன வழி: வேலை தொடங்கும் முன் உங்கள் வாசல் படியிலோ காம்பவுண்டுச் சுவரிலோ சாலை மட்டத்துக்கு ஒரு பெயின்ட் கோடு போட்டு, தேதியோடு படம் எடுத்து வையுங்கள். ஒப்பந்ததாரரின் மேஸ்திரியே அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டு, "சார், மில்லிங் மெஷின் வருது" என்று தானாகச் சொன்னதும் உண்டு.

பாதாள சாக்கடைக்கும் சாலைக்கும் எது முதல் என்ற சண்டை எல்லா ஊரிலும் இருப்பதுதான். எங்கள் ஊரிலும் புதுத் தாரை வெட்டினார்கள். அதில் சொல்லப் புதிதாக ஒன்றுமில்லை. தேர் ஓடும் வீதியில் கான்கிரீட் மீடியன் வைக்கப்போனதைக் கோயில் நிர்வாகமும் போலீசும் சேர்ந்து தடுத்து, கழற்றி வைக்கும் தடுப்புகளாக மாற்றவைத்தார்கள். தேர் என்றால் துறைகள் ஒன்றுசேரும் வேகமே வேறு!

வரைபடத்தில் மட்டும் இருக்கும் சாலை

ஒரு குடும்பத்துக்கு வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை. காரணம், பல வருடம் முன் போட்ட விரிவு வளர்ச்சித் திட்டத்தில் அவர்கள் மனை வழியாக 'திட்டச் சாலை' ஒன்று போகிறது. சாலையும் வரவில்லை, நிலத்தையும் யாரும் எடுக்கவில்லை. நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ன் 38-ஆவது பிரிவு, அறிவித்த மூன்று ஆண்டுக்குள் நிலத்தை எடுக்காவிட்டால் அது விடுவிக்கப்பட்டதாகக் கொள்ள வேண்டும் என்கிறது. சட்டம் சொன்னாலும் வரைபடத்தில் கோடு அழியாது, நாமாக விண்ணப்பித்து அழிக்கவைக்க வேண்டும். மனை வாங்குகிறவர்கள் வில்லங்கச் சான்று பார்ப்பதோடு நிறுத்தாமல், நகரமைப்புப் பிரிவில் போய் அந்தப் புல எண் மேல் ஏதாவது கோடு ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துவிடுங்கள்.

காகிதம் கேட்பது

தகவல் உரிமைச் சட்டத்தில் "ஏன்" என்று கேட்டால் பதில் வராது. "நகல் தருக" என்று கேட்டால் வரும். சாலை வேலைக்கு நான் கேட்பது மதிப்பீட்டு அறிக்கை, ஒப்பந்த நகல், குறுக்குவெட்டு வரைபடம், எம்-புக் எனும் அளவுப் புத்தகத்தின் பக்கங்கள். எம்-புக்கில்தான் எந்த நாளில், எத்தனை மீட்டருக்கு, எத்தனை மில்லிமீட்டர் கனத்தில் போட்டதாகப் பணம் கொடுத்தார்கள் என்று இருக்கும். அதே சட்டத்தின் 2(ஜே) பிரிவில் வேலையை நேரில் பார்வையிடவும், பயன்படுத்திய பொருளின் சான்றிட்ட மாதிரியைப் பெறவும் உரிமை இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு எழுதினாலே வேலைத்தளத்தில் ஜல்லியின் தரம் மாறுவதைப் பார்த்திருக்கிறேன். 30 நாளில் பதில் வராவிட்டால் மேல்முறையீடு. திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் மனுவைவிட இது மெதுவானது, ஆனால் கையில் காகிதம் மிஞ்சும்.

2022-ல் புது மன்றம் வந்தது. அந்த ஆண்டு நவம்பர் 1, உள்ளாட்சி தினத்தன்று, வார்டு மக்கள் கூடிப் பேசும் பகுதி சபைக் கூட்டமும் தொடங்கியது. முதல் கூட்டத்தில் தெருவிளக்கு, நாய், குப்பை தவிர வேறு பேச்சில்லை. இரண்டாவது, மூன்றாவது கூட்டங்களுக்கு நாங்கள் சிலர் எம்-புக் நகலோடு போனோம். இப்போதைய கவுன்சிலர் சின்ன வயசுப் பெண். "பெரியப்பா, இதை நீங்களே படிச்சிடுங்க, மினிட்ஸ்ல ஏத்திடறேன்" என்று சொல்லிவிட்டு மைக்கைக் கொடுத்தாள். பதிவேட்டில் ஏறியதற்கு நகராட்சி பதில் சொல்லியாக வேண்டும். பகுதி சபையால் எனக்குத் தெரிந்த ஒரே பலன் இதுதான், ஆனால் சின்னப் பலன் இல்லை.

அப்படி ஏற்றியதில் ஒன்று, பாதாள சாக்கடைப் பள்ளத்தை மூடிய இடத்தில் சாலை அமுங்கியது. நிதி இல்லை என்றார்கள். ஒப்பந்த நகலில் குறைபாடு பொறுப்புக் காலம் என்று ஒரு பிரிவு உண்டு. அதற்குள் வரும் சேதத்தை ஒப்பந்ததாரர் தன் செலவில் சரிசெய்ய வேண்டும், அதற்காகவே அவர் பணத்தில் ஒரு பகுதியைப் பிடித்து வைத்திருப்பார்கள். அந்தக் காலம் முடிய இன்னும் சில மாதம் இருந்தது. அமுங்கிய இடங்களைக் கம்ப எண்ணோடு பட்டியல் போட்டு, வைப்புத்தொகையை விடுவிக்கும் முன் இவற்றைச் சரிசெய்து தரும்படி ஆணையாளருக்கு எழுதினோம். கணக்குப் பிரிவுக்கும் ஒரு பிரதி. பில் போகும் இடம் அதுதான் என்பதால் அங்கே கொடுத்தது முக்கியம். தீபாவளிக்கு முன்னால் ஆட்கள் வந்து, அமுங்கிய மண்ணை எடுத்துவிட்டு ஜல்லி போட்டு, தண்ணீர் விட்டு இறுக்கி, மேலே தார் போட்டுவிட்டுப் போனார்கள். பொறுப்புக் காலம் முடியும் தேதியை இப்போது எங்கள் தெருவில் மூன்று வீட்டுக் காலண்டரில் குறித்துவைத்திருக்கிறோம்.